தோலுரிப்பு அமிலங்களும் ஈரமூட்டிகளும்

தோலுரிப்பு அமிலங்கள் என்பவை புறத்தோலின் மேற்பரப்பில் தேங்கும் இறந்த செல்களின் பிணைப்பைத் தளர்த்தி, அவற்றை உதிரச் செய்யும் கரிம அமிலங்கள் ஆகும். ஈரமூட்டிகள் என்பவை அவ்வடுக்கில் நீரைப் பிடித்து வைக்கும் பொருட்கள். தோல் பராமரிப்பில் இவ்விரண்டும் சேர்த்தே பயன்படுத்தப்படுகின்றன. இவை ஒன்றையொன்று முறித்துவிடும் என்ற கருத்து பரவலாக இருப்பினும், வேதியியல் அடிப்படையில் அது பெரும்பாலும் பொருந்தாது.

தோலின் அமைப்பு

புறத்தோலின் வெளிப்புற அடுக்கு கொம்புப் படலம் எனப்படும். பெரும்பாலான இடங்களில் இதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் மட்டுமே. இதில் உள்ள உயிரற்ற தட்டைச் செல்களைச் செங்கற்களுக்கும், அவற்றிடையே உள்ள செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றைச் சாந்துக்கும் ஒப்பிடுவது வழக்கம். உடலின் நீர் ஆவியாகாமல் தடுப்பது இச்சாந்தே.

செல்களைப் பிணைக்கும் புரத இணைப்புகளை நொதிகள் சிறிது சிறிதாக அறுப்பதால் செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. இந்நொதிகள் செயல்பட நீர் தேவை. நீர் குறைந்தால் செல்கள் தனித்தனியே உதிராமல் செதில்களாகத் தேங்கிவிடும். ஆகவே தோலுக்கு ஈரமூட்டுவதே ஒரு வகையில் மென்மையான தோலுரிப்புதான். செதில் கண்டவுடன் அமிலத்தை நாடுவோர் இதைக் கவனிப்பதில்லை.

அமில வகைகள்

ஆல்ஃபா ஐதராக்சி அமிலங்களுள் மிகச் சிறிய மூலக்கூறு கிளைக்காலிக் அமிலம் (மூலக்கூற்று நிறை 76). எனவே இது எளிதில் ஊடுருவும்; எரிச்சலும் கூடுதல். 1780-ல் கார்ல் வில்லெம் சீலே புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த இலாக்டிக் அமிலம் சற்றுப் பெரியது. கொழுப்பில் கரையும் சாலிசிலிக் அமிலம் எண்ணெய் சுரக்கும் துளைகளுக்குள் செல்லக்கூடியது என்பதால் முகப்பருவுக்குப் பயன்படுகிறது. மீன் செதில் போலத் தோல் தடிக்கும் இக்தியோசிசு நோய்க்கு ஆல்ஃபா ஐதராக்சி அமிலங்கள் பயன்படுவதை யூஜின் வான் ஸ்காட், ரூயி யூ ஆகியோர் 1974-ல் வெளியிட்டனர். அழகுசாதனப் பயன்பாடு அதன் பின்னரே பெருகியது.

இருவகைப் பொருட்களுக்கும் இடையிலான எல்லை தெளிவானதன்று. இலாக்டிக் அமிலத்தின் உப்பான இலாக்டேட்டு, தோலின் இயற்கை ஈரக்காப்புப் பொருட்களுள் ஒன்று. யூரியா 10 விழுக்காடு அளவில் ஈரமூட்டும். 40 விழுக்காட்டில் தடித்த தோலைக் கரைக்கும். மாறாக, 1934-ல் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகியோர் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்த ஐயலுரோனிக் அமிலம், பெயரில் அமிலமாயினும் தோலை உரிப்பதில்லை; அது ஓர் ஈரமூட்டி.

பி.எச். மதிப்பின் பங்கு

அமிலத்தின் ஆற்றலைச் செறிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அயனியாகாத அமில மூலக்கூறுகளே கொம்புப் படலத்தினுள் எளிதாகச் செல்லும். இவற்றின் விகிதம் கரைசலின் பி.எச். மதிப்பைப் (காரகாடித்தன்மைச் சுட்டெண்) பொறுத்தது. கிளைக்காலிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்பு 3.83. எனவே பி.எச். 3.5 எனில் ஏறத்தாழ 68 விழுக்காடும், 4.83 எனில் 9 விழுக்காடும், 5.5 எனில் 2 விழுக்காடும் மட்டுமே அயனியாகாத நிலையில் இருக்கும். புட்டியில் "10 விழுக்காடு" என அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒன்றும் விளங்காது.

கிளிசரால் போன்ற ஈரமூட்டிகள் அமிலமோ காரமோ அல்ல. ஆகையால் அவை அமிலத்தை நடுநிலையாக்குவதில்லை. நியாசினமைடு அமிலத்துடன் சேர்ந்தால் நிக்கோட்டினிக் அமிலமாக மாறித் தோலைச் சிவக்கச் செய்யும் என்பதும் மிகைப்படுத்தப்பட்ட அச்சமே. அந்நீராற்பகுப்பு குறிப்பிடத்தக்க அளவில் நிகழ, வெப்பமும் வலுவான அமிலமோ காரமோ நீண்ட நேரமும் வேண்டும். உண்மையில் இடையூறு செய்வது கட்டிச் சோப்புதான். அதன் பி.எச். பொதுவாக 9 முதல் 10 வரை இருப்பதோடு, அது தோலின் கொழுப்பையும் அகற்றுகிறது.

பயன்படுத்தும் முறை

மென்மையான கழுவியால் முகத்தைக் கழுவி, உலர்ந்த தோலில் அமிலத்தைப் பூசி, அதன்மேல் கிளிசரால் அல்லது ஐயலுரோனிக் அமிலம் கொண்ட நீர்மத்தையும், இறுதியில் செராமைடு அல்லது பெட்ரோலியம் ஜெல்லி உள்ள களிம்பையும் பூசுவது வழக்கம். மேலே இத்தகைய மூடுபொருள் இல்லையெனில் ஈரமூட்டி ஈர்த்த நீர் ஆவியாகிவிடக்கூடும். எரிச்சலுக்கு உள்ளாகும் தோலுடையோர் முதலில் களிம்பையும் பின்னர் அமிலத்தையும் பூசலாம். வீரியம் குறையும், எரிச்சலும் குறையும். தொடக்கத்தில் வாரம் ஓரிரு இரவுகள் போதுமானது.

தீங்குகள்

தொடர்ந்த எரிச்சலை அமிலம் "வேலை செய்வதன்" அறிகுறியாகக் கொள்வது தவறு. வெந்நீர் பட்டாலே காந்துவது, இறுக்கம், மினுமினுப்பான சிவப்பு ஆகியவை மேற்கூறிய சாந்து சிதைந்ததைக் காட்டும். அந்நிலையில் ஈரமூட்டியைக் கூட்டிக்கொண்டு அமிலத்தைத் தொடர்வது பயனற்றது; அமிலத்தை நிறுத்தவே வேண்டும். கருநிறத் தோலில் இத்தகைய அழற்சி ஆறிய பின்னரும் கரும்படை பல மாதங்கள் நீடிக்கக்கூடும். படையைப் போக்கப் பூசிய அமிலமே புதிய படைக்குக் காரணமாவதும் உண்டு.

அமெரிக்காவின் அழகுசாதன மூலப்பொருள் மதிப்பாய்வுக் குழு, வீட்டுப் பயன்பாட்டிற்கான கிளைக்காலிக், இலாக்டிக் அமிலங்கள் 10 விழுக்காட்டிற்கு மிகாமலும், பி.எச். 3.5-க்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என 1998-ல் பரிந்துரைத்தது. அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் ஆதரித்த ஆய்வுகளில், நான்கு வாரம் ஆல்ஃபா ஐதராக்சி அமிலம் பூசியவர்களின் தோல் புற ஊதாக்கதிரால் சிவக்கும் தன்மை 18 விழுக்காடு கூடியது. பூசுவதை நிறுத்திய ஒரு வாரத்தில் இவ்வேறுபாடு மறைந்தது. ஆகவே அமிலம் பூசும் நாட்களிலும், நிறுத்திய பின் ஒரு வாரமும் பகலில் வெயில் காப்புக் களிம்பு தேவை. ஆசுபிரின் ஒவ்வாமை உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் சாலிசிலிக் அமிலத்தைப் பயன்படுத்தலாகாது.