பத்து நிமிடத்தில் கறுக்கும் மருதோன்றி
கூந்தலுக்குப் பூசும் முன் சிந்தியுங்கள்!



பெருநாள் நெருங்கிவிட்டால் எமது வீடுகளில் மருதோன்றி மணக்கத் தொடங்கிவிடும். முன்பெல்லாம் இலை பறித்து, அம்மியில் அரைத்து, இரவு முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு உறங்குவோம். விடிந்ததும் யாருடைய கை கூடுதலாகச் சிவந்திருக்கிறது என்று உம்மாவிடம் காட்டுவோம். இன்று அதற்கெல்லாம் எவருக்கும் நேரமில்லை. கடையில் ஒரு கோன் வாங்கினால் பத்து நிமிடத்தில் கை கறுத்துவிடுகிறது. நரைத்த தலைக்கும் 'கறுப்பு மருதோன்றி' என்று ஒரு பக்கெட் கிடைக்கிறது. வேலை சுலபம், விலையும் அதிகமில்லை.

ஆனால், பல மணி நேரம் ஊறினால்தான் சிவக்கும் ஓர் இலை, பத்து நிமிடத்தில் எப்படிக் கறுக்கிறது? இந்தக் கேள்வியை நீங்கள் என்றாவது கேட்டுப் பார்த்ததுண்டா?

மருதோன்றி கறுக்காது

மருதோன்றி இலையில் உள்ள சாயத்தின் பெயர் லோஸோன். அது தரக்கூடிய நிறங்கள் செம்மஞ்சள், சிவப்பு, கபிலம் ஆகியவை மாத்திரமே. எந்த நாட்டு மருதோன்றியும் தனியாக நின்று கரிய நிறம் தராது. எனவே, 'கறுப்பு மருதோன்றி' என்ற பெயரில் விரைவாகக் கறுக்கும் பொருளில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்பது உறுதி.

பெரும்பாலும் அது பரா பினைலீன் டைஅமீன் என்ற இரசாயனம். சுருக்கமாக பீ.பீ.டீ. என்பார்கள். பக்கெட்டிலும் போத்தலிலும் விற்கப்படும் நிரந்தரத் தலைச்சாயங்கள் பலவற்றில் கரிய நிறம் தருவதும் இதுவேதான். தோலில் ஒவ்வாமை ஏற்படுத்தும் பொருட்களுள் இது முன்னணியில் நிற்பது. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை வைத்தியர்களின் சங்கம் இதனையே அந்த வருடத்தின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது.

ஐரோப்பிய நாடுகளில் தலையில் பூசும் சாயக் கலவையில் பீ.பீ.டீ. 2 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. தோலில் பூசுவதற்கு அங்கு அனுமதியே இல்லை. ஆனால் கறுப்பு மருதோன்றியைப் பரிசோதித்த வைத்தியர்கள் 15 சதவீதத்திற்கும் மேலான பீ.பீ.டீ.யைக் கண்டிருக்கிறார்கள். தலைமுடிக்கே 2 சதவீதம்தான் எல்லை என்றால், பிள்ளையின் மெல்லிய கைத்தோலில் அதைப் பல மடங்காகப் பூசலாமா?

ஒருமுறை பட்டால் ஆயுள் முழுவதும்

இந்த இரசாயனத்தின் ஆபத்து உடனே தெரிவதில்லை. முதல் முறை பூசும்போது ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். ஆனால் உடல் அதனை எதிரியாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அது தோலில் பட்டதும் அரிப்பு, சிவத்தல், நீர்க்கொப்புளம் எல்லாம் தோன்றும். பூவும் கொடியுமாக வரைந்த கோலம், அப்படியே கொப்புளமாக எழும்பி நிற்பதும் உண்டு.

இந்த ஒவ்வாமை ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் பொதுவாக ஆயுள் முழுவதும் நீங்காது. எட்டு வயதில் பெருநாளுக்குக் கறுப்புக் கோன் பூசிக்கொண்ட பிள்ளை, நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கி வைத்தியசாலைக்குப் போக நேரிடலாம். சில வகைத் துணிச்சாயங்களும், மரத்துப்போகச் செய்யும் சில மருந்துகளும்கூட அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இதனால்தான் 16 வயதிற்கு உட்பட்டோருக்குத் தலைச்சாயம் ஏற்றதல்ல என்றும், கறுப்பு மருதோன்றி பூசியபோது ஒவ்வாமை கண்டவர்கள் சாயம் பூச வேண்டாம் என்றும் ஐரோப்பாவில் பக்கெட்டின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். இந்தச் சாயத்தூள் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். பின்னர் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும். மருதோன்றியுடன் இந்தத் தூளைக் கலந்து பூசும் வழக்கமுள்ள சூடான் நாட்டில் இப்படி இறந்தவர்கள் பலர். எனவே சாயப் பக்கெட்டை மண்ணெண்ணெய்ப் போத்தலைப் போலவே பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சுத்தமான மருதோன்றி பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. எனினும் கைக்குழந்தைகள் விடயத்தில் அவதானம் வேண்டும். ஜீ-6-பீ.டீ. என்ற நொதியக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு உடம்பில் மருதோன்றி பூசினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் மஞ்சள் காமாலை ஏற்படலாம். பச்சிளம் குழந்தைக்கு மருதோன்றி பூசாமல் விடுவதே நல்லது.

கெரட்டின் என்ற பெயரில்

அடுத்து, எமது இளம் பெண்களிடையே இப்போது பரவியிருக்கும் 'கெரட்டின்' சிகிச்சைக்கு வருவோம். சுருண்ட முடியை நேராக்கிப் பளபளக்கச் செய்வது இது. கெரட்டின் என்பது முடியிலேயே இயற்கையாக உள்ள புரதம். அதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் முடியை நேராக நிறுத்துவது பல வேளைகளில் கெரட்டின் அல்ல, போமல்டிஹைட் என்ற இரசாயனம். ஆய்வுகூடங்களில் இறந்த உடல்களைப் பழுதாகாமல் வைக்கப் பயன்படும் போமலின் என்பது இதன் கரைசலே.

2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் போமல்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. 2010 இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 'போமல்டிஹைட் இல்லை' என்று லேபல் ஒட்டிய ஒரு பிரபல முடிநேராக்கியைப் பரிசோதித்தபோது அதில் தாராளமாக போமல்டிஹைட் இருந்தது. லேபலில் மெதிலீன் கிளைக்கோல் என்று வேறு பெயரில் எழுதியிருப்பதும் உண்டு. அது தண்ணீரில் கரைந்த போமல்டிஹைட்தான். சூடான இரும்பை முடியில் வைத்து இழுக்கும்போது அது வாயுவாகக் கிளம்பும். கண் எரிவதும், தொண்டை கரகரப்பதும் அதனால்தான்.

2022 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். 33,497 பெண்களை ஏறத்தாழ 11 வருடங்கள் தொடர்ந்து அவதானித்தார்கள். முடிநேராக்கியே பாவிக்காத பெண்களில் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பாவித்தவர்களில் அது 4.05 சதவீதம். நேராக்கிதான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வு முடிவாக நிரூபிக்கவில்லை. இருந்தாலும், அழகுக்காக மட்டும் செய்யும் ஒரு காரியத்தில் இந்த அளவு எச்சரிக்கை போதாதா?

எமது சகோதரிகளுக்கு இதில் விசேடமான ஒரு கவலை உண்டு. பெண்களுக்கான அழகு நிலையங்களில் பர்தாவைப் பேணுவதற்காகக் கதவையும் யன்னலையும் மூடி, திரையும் போட்டுவிடுகிறோம். அது அவசியமே. ஆனால் காற்றோட்டமில்லாத அந்தச் சிறிய அறையில் வாயு தேங்கி நிற்கும். வாடிக்கையாளர் இரண்டு மணித்தியாலத்தில் போய்விடுவார். அங்கு வேலை செய்யும் பெண்ணோ அதைத்தான் தினமும் சுவாசிக்கிறாள். வீட்டிலேயே இந்தத் தொழிலைச் செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சகோதரிகள் காற்றை வெளியேற்றும் மின்விசிறியொன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையிலிருந்து விலகியிருங்கள்.

'எங்களுடையதில் போமலின் இல்லை' என்று சொல்லிப் புதியவை வந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் கிளையொக்சிலிக் அமிலம் உள்ளது. துனீசியா நாட்டைச் சேர்ந்த 26 வயதுப் பெண்ணொருவர் 2020, 2021, 2022 ஆகிய மூன்று வருடங்களிலும் முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளானார். 2024 இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகையொன்றில் வைத்தியர்கள் இதனை வெளியிட்டார்கள். அந்த நேராக்கிக் கிரீமில் இருந்தது இந்த அமிலமே.

ஷம்பூவுக்கும் பயப்பட வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் அஞ்சத் தேவையில்லை. ஷம்பூவில் நுரை தரும் சல்பேட்டுகள் முடியையும் தலைத்தோலையும் உலர வைக்கலாம், கண் எரியலாம். புற்றுநோய் வரும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. ஆனால் தலைத்தோல் அடிக்கடி அரித்துச் செதில் உதிர்ந்தால், டீ.எம்.டீ.எம். ஹைடன்டொயின், குவாட்டர்னியம்-15, மெதில் ஐசோதயசோலினோன் ஆகிய பெயர்கள் லேபலில் உள்ளனவா என்று பாருங்கள். முதல் இரண்டும் சிறிது சிறிதாகப் போமல்டிஹைட்டை வெளிவிடுபவை. மூன்றாவது பலருக்கு ஒவ்வாமை தருவது. கழுவாமல் விடும் கிரீம்களில் ஐரோப்பா அதனை 2017 இல் தடை செய்துவிட்டது.

நரையை மெல்ல மெல்லக் கறுப்பாக்கும் சில திரவங்களில் லெட் அசிட்டேட் இருக்கும். அது ஈயம். அமெரிக்காவும் 2018 இல் அதற்கான அனுமதியை விலக்கிக்கொள்ளத் தீர்மானித்தது. அதனைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உள்ளடக்கப் பட்டியல், தயாரித்தவர் பெயர், காலாவதித் திகதி இல்லாத கோனையோ பக்கெட்டையோ வாங்காதீர்கள். இப்படிப்பட்டவை கடையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுங்கள்.

2. லேபல் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தால், படிக்கும் மகளிடமோ மகனிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மேலே உள்ள பெயர்களை ஒரு துண்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. சாயம் பூசுவதானால், ஒவ்வொரு முறையும் 48 மணித்தியாலங்களுக்கு முன் காதின் பின்புறத்தில் ஒரு துளி பூசிப் பாருங்கள். அரித்தால் அந்தச் சாயம் உங்களுக்கு வேண்டாம்.

4. பூசிய பின் எரிச்சல் கண்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முகமோ கண்ணிமையோ வீங்கினால், மூச்சு முட்டினால், தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பக்கெட்டையும் கூடவே கொண்டு செல்லுங்கள்.

5. இலை கிடைக்கும் ஊர்களில் நீங்களே அரைத்துப் பூசுங்கள். தலை கருமையாக வேண்டுமானால் முதலில் மருதோன்றி பூசிக் கழுவி, பின்னர் கலப்பற்ற அவுரி இலைத்தூளைக் குழைத்துப் பூசலாம்.

6. முடியின் காவலுக்கு எமது தேங்காயெண்ணெய் போதும். தலை கழுவுவதற்கு முன் பூசினால் முடியின் புரதம் வெளியேறுவது குறைகிறது என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

நரையை மாற்றுவது எமது மார்க்கத்துக்குப் புதிதல்ல. மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரழி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபா (ரழி) அவர்கள் வெண்ணிறத் தலையுடன் அழைத்து வரப்பட்டார்கள். அந்த நரையை மாற்றும்படியும், கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி. கறுப்புச் சாயத்தின் சட்டம் பற்றி உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தன்னையும் பிறரையும் தீங்குக்கு உள்ளாக்கக் கூடாது என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். வரும் பெருநாளில் உங்கள் பிள்ளையின் கை கொஞ்சம் தாமதமாகவே சிவக்கட்டும். அந்தச் சிவப்பு ஒரு வாரத்தில் மங்கிப் போகும்; அவசரத்தில் பூசிய கறுப்பு ஏற்படுத்தும் ஒவ்வாமையோ அவளை ஆயுள் முழுக்கத் தொடரும்.