தண்ணி ஊத்தியும் காயுதா? கிணற்றுச் சுவரைக் கேளுங்க!

உத்திரமேரூர்:

"வாங்கும்போது பச்சைப்பசேல்னு இருந்தது. பத்தே நாளில் வைக்கோலா ஆயிடுச்சு!"

நர்சரியில் பெரணிச் செடி வாங்கியவர்கள் பலரும் இப்படித்தான் புலம்புகிறார்கள். கறுத்த மயிரிழை போன்ற காம்பு, விசிறி மாதிரி குட்டி இலை. பார்த்ததும் ஆசை வரும். வீட்டுக்கு வந்ததும் வாடும்!

இதற்கு மருந்து கடையில் இல்லை. கிணற்றில் இருக்கிறது!

கிணறு சொல்லும் பாடம்

உத்திரமேரூர் பக்கத்துப் பழைய செங்கல் கிணறுகளை எட்டிப் பாருங்கள். காரை உதிர்ந்த இடுக்கில் பெரணி தொங்கும். யாரும் விதைக்கவில்லை. இதற்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலை ஓரத்து மடிப்பில் இருக்கும் தூள்தான் காற்றில் பறந்து முளைக்கிறது.

இலையில் தண்ணீர் ஒட்டாது, முத்தாக உருளும். அதனால்தான் 'நனையாதது' என்ற பொருளில் கிரேக்கச் சொல்லால் 'அடியாண்டம்' என்று பெயர்!

கிணற்றுக்குள் வெயில் குறைவு. அனல்காற்று இல்லை. கீழிருந்து ஈரக்காற்று வரும். வேரில் ஈரம் உண்டு, தண்ணீர் தேங்காது. தொட்டியிலும் இதையே செய்யுங்கள்.

எப்படி வளர்ப்பது?

இலை மக்கு, ஆற்று மணல், கொஞ்சம் செங்கல் தூள் கலந்து, ஓட்டை உள்ள மண் தொட்டியில் நடுங்கள். திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ, வெளிச்சம் உள்ள நிழலில் வையுங்கள். ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது.

தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. உப்புத் தண்ணீர் இலை நுனியைக் கருக்கும். மழைத் தண்ணீர் கிடைத்தால் யோகம்!

முழுசாகக் காய்ந்துவிட்டதா? தூக்கி எறியாதீர்கள். காய்ந்ததை அடியோடு வெட்டி, மண்ணை ஈரமாக வையுங்கள். வேர் உயிரோடு இருந்தால் சில வாரத்தில் நாய்வால் போல் சுருண்ட குருத்து எட்டிப் பார்க்கும். கோடையில் காய்ந்து மழைக்குத் துளிர்க்கும் நாட்டு வகையும் உண்டு.

அன்று தோட்ட வாரியம்!

பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் இவ்வூர்க் கோவில் சுவரில் உள்ளன. குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று!

இன்று போர் போடப் போட, கிணறு வற்றுகிறது. வற்றிய கிணறு குப்பைத்தொட்டி ஆகிறது. பெரணியும் போகிறது.

உங்கள் கிணற்றில் பெரணி பச்சையாக இருக்கிறதா? சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தூர்த்துவிடாதீர்கள்!