சுயமாகப் பிரச்சினை தீர்த்தல்

தொழில் செய்யுமிடத்தில் புதிய எண்ணங்களை உருவாக்குவது பற்றி உதாரணத்துடன் விளக்குமாறு கேட்டால், மாணவர்களில் அநேகர் வரைவிலக்கணத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வரைவிலக்கணத்தை மனனம் செய்தால் போதாது. ஓர் உதாரணத்தையேனும் அடிமுதல் நுனிவரை தெரிந்து வைத்திருங்கள்.

ரிச்சர்ட் ட்ரூ என்பவரை எடுத்துக்கொள்வோம். இவர் 1921 இல் ஐக்கிய அமெரிக்காவில் திரீ எம் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் அக்கம்பனி, தேய்ப்பதற்குப் பயன்படும் அரத்தாளையே தயாரித்து வந்தது. அரத்தாள் மாதிரிகளை மோட்டார் வாகனத் திருத்தகங்களுக்குக் கொண்டுசென்று பரிசோதிப்பது ட்ரூவின் வேலை.

அந்நாட்களில் கார்களுக்கு இரண்டு நிறம் பூசுவது நாகரிகமாக இருந்தது. இரண்டாவது நிறத்தைப் பூசும்போது முதல் நிறத்தைக் கடதாசி ஒட்டி மறைப்பார்கள். கடதாசியை உரித்தால் பெயின்ற்றும் சேர்ந்து உரிந்துவிடும்! பூசுபவர்கள் திட்டித் தீர்த்தனர். இங்குதான் கவனிக்க வேண்டும். அது அரத்தாளைப் பற்றிய முறைப்பாடு அல்ல. ட்ரூ பேசாமல் திரும்பியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ "நன்றாக ஒட்டவும் வேண்டும், சேதமின்றி உரியவும் வேண்டும்" என்று பிரச்சினையைத் தெளிவாக வரையறுத்துக்கொண்டார். என் அபிப்பிராயத்தில் பாதி வேலை அப்பொழுதே முடிந்துவிட்டது.

மிகுதிப் பாதி இலகுவானதல்ல. பலவகை எண்ணெய்களையும் பிசின்களையும் கலந்து பார்த்தார். மேலதிகாரி வில்லியம் மெக்னைட் அதை விட்டுவிட்டு அரத்தாள் வேலையைப் பார்க்கும்படி பணித்தார். ட்ரூ சிறிது காலம் அவ்வாறு செய்துவிட்டு மீண்டும் நாடாவிற்கே திரும்பினார். (மேலதிகாரி சொல்வதை மீறுவதே ஆக்கத்திறன் என்று விடையில் எழுதிவிடாதீர்கள்!) ஓரங்களில் மட்டும் பசை பூசிய மாதிரி, வேலையின்போது கழன்று விழுந்தது, பூசுபவரிடம் ஏச்சும் கிடைத்தது. அந்த ஏச்சையும் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு திருத்தினார். இழுபடும் சுருக்கக் கடதாசியில் 1925 இல் மறைப்பு நாடா உருவானது. 1930 இல் அவரே உருவாக்கிய ஒளிபுகும் ஒட்டுநாடாவின் வழிவந்ததே இன்று நீங்கள் புத்தக உறைக்கு ஒட்டும் நாடா.

பின்னர் 1948 இல் இக்கம்பனி, ஊழியர்கள் வேலைநேரத்தில் 15 சதவீதம் வரையில் தமது சொந்த எண்ணங்களுக்குச் செலவிட இடமளித்தது.

பயிற்சி: உங்கள் ஊரில் உள்ள சைக்கிள் திருத்தும் கடைக்கோ தையற்கடைக்கோ சென்று, அங்கு வேலை செய்பவர் அடிக்கடி சலித்துக்கொள்ளும் விடயம் ஒன்றைக் கேட்டறிந்து, ஒரே வசனத்தில் எழுதுக. தீர்வை இப்போது எழுத வேண்டாம்.