உருமாறும் ரோபோ: விலைக்கேற்ற தரம் உண்டா? அளந்து பார்ப்போம்!



லாரியின் முகப்பைப் பிரித்தால் மார்பு. பின்பகுதியைக் கீழே இழுத்தால் கால்கள். சில நிமிடங்களில் உங்கள் மேசைமேல் ஒரு ரோபோ நிற்கிறது! ஜப்பானின் டக்காரா நிறுவனம் தயாரித்துவந்த உருமாறும் பொம்மைகளை, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அப்போது அவை சிறுவர்களின் விளையாட்டுப் பொருள்கள். 2003இல் டக்காரா ‘மாஸ்டர்பீஸ்’ வரிசையைத் தொடங்கியபின், பெரியவர்கள் சேகரிக்கும் விலையுயர்ந்த பொருள்களாகவும் அவை மாறின.

எவ்வளவு விலை? 2021இல் ரோபோசன் நிறுவனம் தானாகவே உருமாறும் ‘ஆப்டிமஸ் பிரைம்’ ரோபோவை வெளியிட்டது. அதனுள் 27 சர்வோ மோட்டார்கள், 60 மைக்ரோசிப்கள், சுமார் 5,000 பாகங்கள். விலை 699 அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் 2,800 ரிங்கிட்டுக்கு மேல். இன்று நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். கையால் உருமாற்றும் மாஸ்டர்பீஸ் ரோபோக்களும் பல நூறு ரிங்கிட் ஆகும். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவிடமோ அப்பாவிடமோ வாங்கித் தரும்படி கேட்பதற்கு முன், இவ்வளவு பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? இதோ ஐந்து சோதனைகள். எல்லாம் நீங்கள் பள்ளியில் படித்த அறிவியல்தான்.

1. எடை கூடினால் தரம் கூடுமா?

கையில் எடுத்ததும் கனமாக இருந்தால் ‘நல்ல பொருள்’ என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கனம் பெரும்பாலும் துத்தநாகக் கலவையான ‘சமாக்’ தருவது. உருக்கிய கலவையை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்ப்பார்கள். பினாங்கில் தயாராகும் ‘ஹாட் வீல்ஸ்’ கார்களின் உடலும் இப்படி வார்க்கப்படுவதுதான். உங்களிடம் ஒரு கார் இருந்தால் அடிப்பகுதியில் ‘மலேசியா’ என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சமாக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 6.6 கிராம். ரோபோக்களில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் நெகிழிக்கு சுமார் 1.05 கிராம். ஒரே வடிவத்தில் செய்தால் உலோகப் பாகம் ஆறு மடங்கு கனக்கும்.

ஆனால் கனம் வேறு, தரம் வேறு. 2003இல் வந்த முதல் மாஸ்டர்பீஸ் ஆப்டிமஸ் பிரைமில் உலோகப் பாகங்கள் நிறைய இருந்தன. 2011இல் புதிதாக வடிவமைத்த எம்பி-10 அதைவிடச் சிறியது; உலோகமும் குறைவு. இருந்தும் சேகரிப்பாளர்கள் அதைப் பாராட்டி வரவேற்றார்கள். காரணம் அடுத்த சோதனையில் தெரியும்.

2. நீட்டிய கை தாழ்கிறதா?

ரோபோவின் கையைக் கிடைமட்டமாக நீட்டி ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். கையின் எடை தோள் மூட்டைக் கீழ்நோக்கித் திருப்பப் பார்க்கும். இதுவே விசையின் திருப்புத்திறன்: விசை × மூட்டிலிருந்து உள்ள தூரம்.

ஒரு கணக்கு. கையின் எடை 0.6 நியூட்டன், அதன் ஈர்ப்பு மையம் தோளிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. திருப்புத்திறன் 0.03 நியூட்டன் மீட்டர். இப்போது தோளிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் விரல்களில் 0.2 நியூட்டன் எடையுள்ள துப்பாக்கியைக் கொடுங்கள். 0.02 கூடுகிறது. எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. திருப்புத்திறனோ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது! கை முழுவதும் உலோகமாக இருந்தால் மூட்டு என்ன பாடுபடும்?

இதைத் தாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உராய்வு மூட்டு. இது மெதுவாக அசையும். ஆனால் பலமுறை திருப்பினால் தேய்ந்து தளரும். மற்றொன்று, ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் பல் மூட்டு. 90 பாகை திருப்பும்போது எத்தனை ‘டிக்’ கேட்கிறது என்று எண்ணுங்கள். ஆறு என்றால் ஒவ்வொரு படியும் 15 பாகை. பற்கள் குறைந்தால் பிடிமானம் வலுவாக இருக்கலாம். ஆனால் விரும்பிய கோணத்தில் நிறுத்த முடியாது.

3. எத்தனை பாகை சாய்ந்தால் விழும்?

ஆறாம் ஆண்டில் நிலைத்தன்மை பற்றிப் படித்தீர்கள். பரந்த அடித்தளமும் தாழ்ந்த ஈர்ப்பு மையமும் இருந்தால் பொருள் எளிதில் கவிழாது. ஒரு பலகைமேல் சொரசொரப்பான விரிப்பைப் போட்டு ரோபோவை நிறுத்துங்கள். கீழே தலையணை வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தி, விழும் கோணத்தைப் பாகைமானியால் அளவிடுங்கள். பாதத்தில் உலோகம் வைத்தால் இந்தக் கோணம் கூடும். மார்பில் வைத்தால் குறையும். அதனால் எவ்வளவு உலோகம் என்பதோடு, எங்கே உலோகம் என்றும் கேளுங்கள்.

4. லாரியில் இடைவெளி தெரிகிறதா?

உருமாறும் ரோபோவுக்கு இருக்கும் பெரிய சவால் இதுதான். ஒரே பாகங்கள் இரண்டு உருவங்களிலும் சரியாகப் பொருந்த வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் 0.1 மி.மீ. பிழை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பாகங்களின் பிழைகள் ஒரே திசையில் சேர்ந்தால் 1 மி.மீ. இடைவெளி! அது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். துல்லியமான அச்சு செய்ய அதிகச் செலவாகும். நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது. மலிவான போலிகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

5. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு?

வெளிர்நிற ஏபிஎஸ் நெகிழி வெயிலில் மஞ்சளாகும். அதிலுள்ள பியூட்டாடையீன் பகுதியைப் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து சிதைக்கின்றன. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் அளவு ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். தானா ராத்தாவோ 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிராக இருக்கிறதே என்று ரோபோவை எங்கள் கேமரன் மலையில் சன்னலோரம் வைக்காதீர்கள்.

பழைய பொம்மை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. மினுமினுக்கும் தங்கநிறத் துகள் கலந்த சில பழைய நெகிழிப் பாகங்கள், தொட்டாலே நொறுங்கும் அளவுக்குப் பலவீனமாகியிருக்கின்றன. அடுத்தது ‘துத்தநாக நோய்’. கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கப்பட்டு, வீங்கி, வெடிக்கும். ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். இதைத் தவிர்க்கத்தான் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு சமாக்கை 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் உருவாக்கியது. இங்கே போ தேயிலை நிறுவனம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்!

உலர்த்திய தேயிலை ஈரத்தை இழுத்துவிடும் என்பதால் காற்றுப் புகாத உறையில் அடைக்கிறார்கள். மூடுபனி சூழும் ஊரில் ரோபோவுக்கும் அதே பாதுகாப்பு தேவை. மூடிய பெட்டி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அது போதும்.

செய்து பாருங்கள்

உடைந்த பொம்மையின் கெட்டியான நெகிழித் துண்டை நீரில் போடுங்கள். ஒட்டியிருக்கும் குமிழிகளைத் தட்டிவிடுங்கள். மிதந்தால் அது பாலிபுரோப்பிலீன் போன்ற இலேசான நெகிழி. மூழ்கினால், உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் போடுங்கள். அதன் அடர்த்தி சுமார் 1.2. இதில் மிதந்தால் ஏபிஎஸ் ஆக இருக்கலாம். இதிலும் மூழ்கினால், மூட்டுகளுக்குப் பயன்படும் வழுவழுப்பான பாலிஅசிட்டாலாக இருக்கலாம். அதன் அடர்த்தி 1.4.

ஐந்து சோதனைகளுக்கும் தலா 20 மதிப்பெண் கொடுங்கள். நண்பர்களிடம் உள்ள இரண்டு ரோபோக்களை, விலையைப் பார்க்காமல், அளந்து மதிப்பெண் போடுங்கள். விலையை அதன் பிறகு பக்கத்தில் எழுதுங்கள். விலை இரண்டு மடங்காகும்போது மதிப்பெண் எவ்வளவு கூடுகிறது? அந்தப் பட்டியலை வீட்டில் காட்டிவிட்டு, வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள். ‘வேண்டாம்’ என்று நீங்களே முடிவெடுத்தாலும் சரி, காசு சேர்த்து வாங்கினாலும் சரி, காரணம் உங்கள் கையில் இருக்கும்.