சிஹிரோவுக்கு வைத்த பரீட்சை

பிள்ளைப் பிராயத்தைக் கடந்து ஒரு ஜீவன் பொறுப்பறியும் வயதுக்கு வந்து சேர்வதைச் சொல்லும் கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றைச் சொல்ல முற்படுகிறவனுக்கு ஏற்படும் சங்கடமும் எல்லா மொழிகளிலும் ஒன்றுதான். மனம் வளர்வது கண்ணுக்குத் தெரியாத காரியம். கதையோ கண்ணுக்குத் தெரிகிற சம்பவங்களால் ஆக வேண்டியது. ஆகையால் கதாசிரியர்களில் பெரும்பாலோர், குழந்தையின் எதிரே ஒரு ராட்சசனை நிறுத்தி, ஏழு கடலுக்கு அப்பாலுள்ள கிளியின் உடலில் அவன் உயிரை ஒளித்து வைத்து, அந்தக் கிளியின் கழுத்தைத் திருகியதும் பிள்ளை பெரியவனாகிவிட்டான் என்று கதையை முடித்துவிடுகிறார்கள். இந்தச் சுலபமான வழியை விட்டு விலகி, ஒரு ராட்சசனையும் கொல்லாமல், ஒரு யுத்தமும் நடத்தாமல், பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் வளர்ச்சியைக் கதைப்பின்னலின் கட்டுக்கோப்பினாலேயே நாம் உணரும்படி செய்த ஒரு சித்திரப்படத்தைப் பற்றி இங்கே விஸ்தாரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கி, ஸ்டூடியோ ஜிப்லி தயாரித்து, 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜப்பானில் வெளியான அந்தப் படத்தை உலகம் 'ஸ்பிரிட்டெட் அவே' என்ற ஆங்கிலப் பெயரால் அறியும். ஜப்பானியத் திரையரங்குகளில் 3,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டி, அந்நாட்டின் வசூல் வரிசையில் 2020-ஆம் ஆண்டின் இறுதி வரையில் முதலிடத்தில் நின்றது. 2002-இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதையும், 2003-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. தமக்குத் தெரிந்த பத்து வயதுப் பெண் குழந்தைகளை மனத்தில் வைத்தே மியாசாகி இதை உருவாக்கினார். இது வீரதீரக் கதைதான் என்றாலும் நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போர் அல்ல என்றும், நல்லதும் கெட்டதும் கலந்து வாழும் ஓர் உலகத்தில் தள்ளப்பட்ட சிறுமி எப்படித் தாக்குப்பிடிக்கிறாள் என்பதே விஷயம் என்றும் படத்தைத் தொடங்குமுன் எழுதிய குறிப்பிலேயே அவர் தெளிவுபடுத்திவிட்டார்.

கதையின் தொடக்கம் வெகு சாதாரணமானது. பழைய ஊரையும் பள்ளித் தோழிகளையும் பிரிந்த ஏக்கத்தில், காரின் பின் இருக்கையில் வாடிக் கிடக்கிறாள் சிஹிரோ. வழி தவறிய தகப்பனார் ஒரு சுரங்கப்பாதையின் வாயிலில் காரை நிறுத்துகிறார். சிறுமி வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் உள்ளே சென்ற பெற்றோர், ஆளரவமற்ற கடைவீதி ஒன்றில் ஆவி பறக்க அடுக்கி வைத்திருந்த உணவைக் கண்டு, சொந்தக்காரர் வந்தால் பணம் கொடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் உட்கார்ந்து உண்ணத் தொடங்கி, பொழுது சாயும் வேளையில் பன்றிகளாக மாறிவிடுகிறார்கள். தாங்கள் வந்து சேர்ந்த இடம் எது, எதிரே இருக்கும் உணவு யாருக்காகப் படைத்தது என்ற இரண்டையும் அறிந்துகொள்ள அவர்கள் ஒரு கணமும் முயலவில்லை. இந்த அறியாமையைத்தான் கதையின் முதல் முடிச்சாகப் போட்டிருக்கிறார் மியாசாகி. அதை அவிழ்ப்பதற்குரிய ஒரே சாதனம் அறிவது, அதாவது புறத்தோற்றத்துக்கு உள்ளே இருப்பது இன்னதென்று கண்டுகொள்வது என்பதைப் படத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் படிப்படியாக நமக்குக் காட்டுகிறது.

அந்த இடம், பகலெல்லாம் உறங்கி இரவில் விழிக்கும், எண்ணற்ற தேவதைகள் வந்து நீராடிக் களைப்பாற்றிச் செல்லும் ஒரு மாபெரும் ஸ்நானக் கட்டடம். அதன் எஜமானி யுபாபா என்ற சூனியக் கிழவி. அங்கே வேலை கேட்பவர்களுக்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்பது அவளைக் கட்டுப்படுத்தும் பிரதிக்ஞை. வேலையில்லாதவர்களோ மிருகமாகிவிடுவார்கள் என்பது அவ்விடத்து நியதி. ஆகவே ஹாக்கு என்னும் இளைஞன் சொல்லிக் கொடுத்தபடி, கொதிகலன் அறையிலுள்ள ஆறு கைக் கிழவர் கமாஜியிடமும், பிறகு யுபாபாவிடமும் சென்று, வேலை கொடுங்கள் என்ற ஒரே வாக்கியத்தைச் சிஹிரோ விடாமல் சொல்லுகிறாள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், அவள் பெயரின் எழுத்துக்களைக் காகிதத்திலிருந்து பெயர்த்துத் தன் கைக்குள் அடக்கிக்கொள்ளும் யுபாபா, மிச்சமிருந்த ஓர் எழுத்தை வைத்து 'சென்' என்று அவளுக்குப் புதுப்பெயர் இடுகிறாள். தன் பெயரை மறந்தவர்கள் வீடு திரும்ப வழி அறியமாட்டார்கள் என்று ஹாக்கு எச்சரிக்கும்போது, இக்கதையில் இழப்பு என்பது மறதி, மீட்பு என்பது நினைவு என்ற கணக்கு நமக்குப் புரியத் தொடங்குகிறது.

அறியும் சக்திக்கு வரும் முதல் சோதனையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஒரு மழை இரவில், சேறும் சகதியுமாய் நாற்றத்தின் உருவமே போன்ற ஒரு பெரிய உருவம் பாலத்தைக் கடந்து வருகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் வேலைக்காரர்களெல்லாம் தள்ளிவிட்ட பொறுப்பு, புதிதாய் வந்த சிறுமியின் தலையில் விழுகிறது. அந்த அசுத்தத்தில் மார்பளவு இறங்கி மூலிகை வெந்நீரைப் பாய்ச்சுகையில், அதன் விலாப்புறத்தில் முள்போல் ஏதோ தைத்திருப்பது அவள் கையில் தட்டுப்படுகிறது. எல்லோரும் கயிறு பிடித்து இழுக்க, முள்ளென்று நினைத்தது ஒரு சைக்கிளின் கைப்பிடியாக இருக்கிறது. சைக்கிளைத் தொடர்ந்து குப்பையும் உடைசலும் மலைபோல் வந்து குவிந்த பிறகு, தெளிந்த நீரிலிருந்து ஒரு கிழவனின் முகம் மலர்ந்து சிரிக்கிறது. நாற்றமெடுத்த பூதம் என்று ஊரே ஒதுக்கியது, மனிதர்கள் கொட்டிய குப்பையால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஓர் ஆற்றின் தெய்வம். தம் வீட்டருகிலுள்ள ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது தாமே ஒரு சைக்கிளை வெளியே இழுத்த அனுபவத்திலிருந்து மியாசாகி இக்காட்சியைச் சிருஷ்டித்தார். சேற்றுக்குள்ளே நதியைக் கண்டதற்குப் பரிசாகச் சிறுமியின் உள்ளங்கையில் ஒரு கசப்பு மருந்துருண்டை கிடைக்கிறது.

அந்த உருண்டையினால் பெற்றோரை மீட்டுவிடலாம் என்று அவள் எண்ணுவது இயல்புதானே? ஆனால் அன்றிரவே அவள் காணும் கனவில், உருண்டையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு ஓடியவளை நூற்றுக்கணக்கான பன்றிகள் மொய்த்துக்கொள்ள, அவற்றுள் தாய் எது, தகப்பன் எது என்று தெரியாமல் அவள் பரிதவிக்கிறாள். படம் முடியப்போகும் தறுவாயில் யுபாபா வைக்கப்போகும் பரீட்சையின் நகல் இது. இந்த நகலில் சிறுமி தோற்றுப்போகிறாள் என்பதை இங்கேயே நமக்குக் காட்டிவிடுகிறார் இயக்குநர். மந்திரப் பொருள் கையில் இருந்தும் அறிவு கைகூடவில்லை. அந்தப் பொருளையோ, பின்னர் பாதியை, காயம்பட்டு உயிருக்குப் போராடும் ஹாக்குவின் வாயிலும், பாதியை, எல்லாரையும் விழுங்கி வீங்கிக் கிடக்கும் முகமற்றவனின் வாயிலும் தன் கையாலேயே போட்டுவிடுகிறாள். பெற்றோருக்கென்று வைத்திருந்த மருந்து தீர்ந்துபோகிறது. பதிலாக அவளிடம் மிஞ்சுவது அறிந்து உதவும் பழக்கம்.

முகமற்றவன் என்ற அந்தக் கறுப்பு உருவத்தின் கதையும் அறிவதைப் பற்றியதே. மழையில் நனைந்து நின்றவனைக் கட்டடத்தின் உள்ளே அனுமதித்தவளே சிஹிரோதான். அவனோ தன் தனிமைக்கு மருந்து தேடி, உள்ளங்கைகளில் பொன்னை வரவழைத்து நீட்டுகிறான். வேலைக்காரர்கள் ஆலாய்ப் பறந்து அந்தப் பொன்னை வாரிக்கொள்ள, அவர்களுடைய பேராசையே அவனுடைய பசியாக மாறி, அவர்களில் சிலரையே அவன் விழுங்கிவிடுகிறான். பொன்னைக் கண்ட கூட்டத்தார் அவனைக் கண்டதில்லை. பொன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீ எங்கிருந்து வந்தாய், உனக்கு அப்பா அம்மா இல்லையா என்று அவனிடம் கேட்கிறவள் அந்தச் சிறுமி ஒருத்திதான். கடைசியில் அவன், செனிபா என்ற மற்றொரு கிழவியின் குடிசையில் ராட்டை சுற்றிக்கொண்டு அமைதி பெறுகிறான். வேறு கதைகளில் பூதத்தைக் கொன்று தீர்க்கும் இடத்தில், இங்கே அவனுக்கு ஏற்ற வேலையும் ஏற்ற வீடும் கண்டுபிடித்துக் கொடுப்பதோடு அந்தக் கிளை முடிகிறது.

செனிபாவின் குடிசையை நோக்கிச் செல்லும் ரயில் பிரயாணத்தையும் குறிப்பிட வேண்டும். முன்பொரு காலத்தில் திரும்பி வரும் வண்டியும் உண்டாம். இப்போது போகிற வண்டி மட்டுந்தான். கடலாய்ப் பரந்த நீரின்மேல், நிழலுருவங்களான பயணிகளோடு, பேச்சு ஏதுமின்றிச் சில நிமிஷங்கள் அந்த வண்டி செல்கிறது. கதை இங்கே நின்றுவிட்டது என்று சிலருக்குத் தோன்றலாம். இரண்டு கைதட்டல்களுக்கு நடுவே உள்ள வெறுமைதான் கதைக்கு மூச்சு விட இடங்கொடுக்கிறது என்று மியாசாகி விளக்கியதுண்டு. யாரும் ஏவாமல், யாரும் பிடித்துத் தள்ளாமல், திரும்பி வர வழியில்லை என்று தெரிந்தும் ஹாக்குவைக் காப்பதற்காகத் தானே புறப்பட்ட முதல் பிரயாணம் இது என்பதை நாம் எண்ணிப் பார்க்க அந்த மௌனம் அவசியமாகிறது. முதல் நாளன்று வெளிப்புறத்து மரப்படிகளில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து நடுங்கி இறங்கிய அதே சிறுமி, ஹாக்குவை அடைவதற்காகச் சுவரோரத்து இற்றுப்போன குழாயின்மேல், அது காலடியில் பெயர்ந்து விழ விழ ஓடியதையும் சற்று முன்னே பார்த்தோமல்லவா?

இதற்கிடையில் எஜமானி யுபாபாவுக்கும் ஒரு பரீட்சை நடந்துவிடுகிறது. அவள் உயிரினும் மேலாகக் கொஞ்சி வளர்க்கும் ராட்சசக் குழந்தை, செனிபாவின் மந்திரத்தால் ஒரு சுண்டெலியாகிச் சிஹிரோவின் தோளில் சவாரி செய்துகொண்டிருக்க, அதன் இடத்தில் வேறொன்று அதன் உருவத்தோடு உட்கார்ந்து தின்பண்டம் தின்கிறது, தாயோ அறியவில்லை. அருமையான ஒன்று மாறிப்போனது உனக்குத் தெரியவில்லையா என்று ஹாக்கு கேட்டதும், அவள் முதலில் எடுத்துப் பார்ப்பது மேஜைமேல் இருந்த பொன்னை. குழந்தையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். பன்றிகளுக்குள் பெற்றோரை அறியும் பரீட்சையை வைக்கப்போகிறவள், தன் பிள்ளையை அறியும் பரீட்சையில் முன்னதாகவே தவறிவிட்டாள் என்ற இந்த எதிரொலி, கதைப்பின்னலின் நுட்பங்களில் தலையாயது என்று நான் கருதுகிறேன்.

திரும்பும் வழியில் டிராகன் உருவெடுத்த ஹாக்குவின் முதுகில் பறந்துகொண்டே, சிறு வயதில் தான் ஓர் ஆற்றில் விழுந்ததும் அந்த ஆறு தன்னைக் கரையோரம் கொண்டு சேர்த்ததும் சிஹிரோவின் நினைவுக்கு வருகின்றன. கோஹாக்கு என்ற அந்த ஆறு இப்போது இல்லை. அதைத் தூர்த்து அடுக்குமாடி வீடுகள் எழுப்பிவிட்டார்கள். ஆற்றின் பெயரை அவள் சொன்ன மாத்திரத்தில், தன் பெயரை மறந்து யுபாபாவின் ஏவலனாய் உழன்ற நதித்தெய்வம் செதில்கள் உதிர்ந்து விடுதலை பெறுகிறது. முதல் நதியைக் கையால் தொட்டு அறிந்தாள். இரண்டாவது நதியை நினைவால் அறிகிறாள்.

இவ்வளவும் நடந்த பின்புதான் பாலத்தின் முன்னே பன்றிகளை வரிசையாக நிறுத்தி, இவற்றுள் உன் பெற்றோர் எவை, ஒரே முறைதான் சொல்லலாம் என்கிறாள் யுபாபா. சிஹிரோ நிதானமாகப் பார்த்துவிட்டு, இவற்றுள் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்கிறாள். ஒப்பந்தம் தூளாகிப் போகிறது. அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் படம் விளக்கவில்லை என்றும், ஆகவே முடிவு பலவீனமானது என்றும் குறை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். முழுத் திரைக்கதையையும் எழுதி முடிக்காமலே காட்சிகளை வரையத் தொடங்கிவிடுவது மியாசாகியின் வழக்கமாதலால், முடிவை அவர் அவசரமாக ஒட்ட வைத்தார் என்று எண்ணுவதும் சுலபம். ஆனால் சேற்றுக்குள் நதியையும், பேராசைக்குள் தனிமையையும், சுண்டெலிக்குள் குழந்தையையும், டிராகனுக்குள் இன்னொரு நதியையும் அவள் ஒவ்வொன்றாக அறிந்து தேறியதை உடனிருந்து பார்த்த நமக்கு, ஐந்தாவது விளக்கம் எதற்கு? கனவில் தோற்றவள் நனவில் வென்றதற்குக் காரணம் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கதை முழுவதுந்தான். அதைத் தனியே ஒரு வசனத்தில் சொல்லியிருந்தால் கதை தன்மேல் நம்பிக்கை இழந்ததாக ஆகியிருக்கும்.

சுரங்கப்பாதையில் நுழைந்தபோது தாயின் கையைப் பற்றிக்கொண்டு நடந்தது போலவே, திரும்புகையிலும் அவள் தாயின் கையைப் பற்றிக்கொண்டுதான் நடக்கிறாள். இப்படித் தொங்காதே, நடக்க முடியவில்லை என்று தாயும் அன்று போலவே சலித்துக்கொள்கிறாள். நடந்தது எதுவும் பெற்றோருக்கு நினைவில்லை. மகளும் பார்வைக்குப் பழைய மகளாகவே இருக்கிறாள். நம் வீடுகளிலும் குழந்தைகள் வளர்வது பெரும்பாலும் இப்படித்தான், நமக்குத் தெரியாமல், நாம் பார்க்காத இடத்தில். வெற்றிவாகை சூடியதைக் கண்டபின்தான் வளர்ச்சியை ஒப்புக்கொள்வோம் என்று பிடிவாதமாக இருக்கும் பெரியவர்கள், பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு இந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். பெற்றோரின் கண்ணுக்கு அகப்படாத அந்த வளர்ச்சியைக் கூடவே இருந்து காணும் பாக்கியத்தை அதன் கதைப்பின்னல் அவர்களுக்கு அளிக்கிறது.