வாலும் வீடும் – 9: பரிசையும் சாப்பாட்டுக் கணக்கில் எழுதுங்கள்

பல வீடுகளில் நாய்க்குப் பழக்கம் சொல்லித்தருபவர் ஒருவர், சோறு வைப்பவர் இன்னொருவர். காலையில் மொட்டைமாடியில் 'சிட்', 'ஸ்டே' என்று மகன் பிஸ்கட்டும் கையுமாக நிற்பான். மத்தியானம் அம்மா வழக்கமான அளவைத் தட்டில் கொட்டுவார். இருவரும் கலந்து பேசுவதில்லை. நாய் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிறது. (உத்தரவு ஏன் ஆங்கிலத்தில் என்பது தனிக்கதை. நம்மூர் சிப்பிப்பாறை நாய்க்கும் 'சிட்'தான்!)

கணக்கைப் பார்ப்போம். கருத்தடை செய்த, வளர்ந்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. அதாவது 60 கலோரி. ஒரு மாரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி இருக்கும். இரண்டரை பிஸ்கட்டோடு அன்றைய பங்கு தீர்ந்தது. இருபது தடவை உட்காரவைத்து இருபது பிஸ்கட் கொடுத்தால் 500 கலோரி. கிட்டத்தட்ட ஒரு நாள் சாப்பாடு மொட்டைமாடியிலேயே முடிந்துவிடுகிறது.

அதற்காகப் பரிசையே நிறுத்த வேண்டாம், துண்டைச் சிறிதாக்குங்கள். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கினால் 30 கிராமில் முப்பது, நாற்பது துண்டு தேறும். மொத்தம் 50 கலோரி. உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். நாய்க்குப் பெரிய துண்டு ஒன்றைவிட, வேலை முடிந்த கையோடு கிடைக்கும் சின்னத் துண்டுதான் விஷயம். பாக்கெட் தீவனம் சாப்பிடும் நாயென்றால் இன்னும் சுலபம். காலைப் பங்கில் ஒரு பிடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அதையே பரிசாகக் கொடுத்துவிடலாம். அப்போது பத்தில் ஒரு பங்கு என்ற வரம்புகூடத் தேவையில்லை.

'வேலை முடிந்த கையோடு' என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். துண்டை நாயின் மூக்குக்கு நேராகப் பிடித்து, மெதுவாக மேலே தூக்கிப் பின்பக்கம் நகர்த்துங்கள். தலை நிமிரும், பின்பாகம் தானாகத் தாழும். புட்டம் தரையைத் தொட்ட அந்த நொடியில் 'சபாஷ்' என்று சொல்லி, உடனே கொடுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நாய் உட்கார்ந்த பிறகு பைக்குள் துழாவுவார்கள். அதற்குள் அது எழுந்து மேலே தாவும். அப்போது வாயில் துண்டு விழும். தாவியதற்குக் கூலி கொடுத்தாயிற்று. மறுநாள் அது இன்னும் நன்றாகத் தாவும். 'அடங்கவே மாட்டேங்குது' என்று நாயைத் திட்டிப் பயனில்லை.

அந்தச் 'சபாஷ்' ஏன்? செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யரான பாவ்லோவ், சோற்றுக்கு முன்னால் வரும் ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். 'சபாஷ்' அப்படிப்பட்ட ஓசைதான். துண்டோடு கை சேர்வதற்குள் ஓசை சேர்ந்துவிடும். 'இதற்குத்தான் இது' என்று நாய் புரிந்துகொள்ளும். பழக்கம் படிந்த பிறகு ஒவ்வொரு தடவையும் தீனி தேவையில்லை. சில நேரம் துண்டு, சில நேரம் பந்து, சில நேரம் மரத்தடியை ஆசைதீர முகர அனுமதி.

அடித்துப் பழக்குவதைப் பற்றிச் சுருக்கமாக. போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அதட்டல், சங்கிலி இழுப்பு என்று பழக்கப்பட்ட நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. எச்சிலில் கார்டிசால் ஹார்மோனும் அதிகம் ஏறியது.

தீனிக்கு மயங்குவதில் லாப்ரடாரை மிஞ்ச ஆளில்லை. அதற்குக் காரணம் ஒன்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது: லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம் 'பிஓஎம்சி' என்ற மரபணுவில் ஒரு பகுதி இல்லை. அந்த நாய்களுக்குப் பசி கூடுதல், எடையும் கூடுதல். உதவி நாய்களாகத் தேர்வானவற்றில் இந்த மாற்றம் இன்னும் அதிகமாகக் காணப்பட்டது. சீக்கிரம் பழகுவதும் சீக்கிரம் கொழுப்பதும் ஒரே இடத்திலிருந்து வரலாம். ஆகவே லாப்ரடார் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இரண்டு தடவை படிக்கலாம்.

இனி தட்டு. தயிர்சாதம் நாய்க்கு ஆகவே ஆகாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓநாயைவிட மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாயிடம் பல மடங்கு இருப்பதை 2013இலேயே காட்டிவிட்டார்கள். சோறு செரிக்கும், ஆனால் சோறு மட்டும் போதாது. ஈரத்தை நீக்கிப் பார்த்தால் வளர்ந்த நாயின் உணவில் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு, குட்டிக்கு 22.5. அரிசியில் இருப்பது 7, 8 சதவீதம்தான். முட்டையோ கறியோ மீனோ சேர்ந்தாக வேண்டும். அதற்காக வெறும் கறியாகப் போட்டு வளர்த்தாலும் ஆபத்துதான்: எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு, குட்டியின் கால் வளைவது இப்படித்தான். மறுபக்கம், முழுமையான குட்டித் தீவனம் கொடுக்கும்போது அதன்மேல் கால்சியம் டானிக்கும் ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு அதுவும் எலும்பைக் கெடுக்கும்.

பரிசு என்று கைக்கு வந்ததைக் கொடுப்பவர்களுக்கு: வெங்காயம், பூண்டு வெந்திருந்தாலும் ஆகாது, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சாம்பாரில் ஊறிய இட்லியும் பிரியாணித் துண்டும் அதில் அடக்கம். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் இரண்டும் விஷம். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

அளவு சரியா என்று நாயின் உடம்பே சொல்லும். லாப்ரடாரின் விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு விலா லேசாகத் தெரிவதே இயல்பு. 'இளைச்சுப் போச்சே' என்று அள்ளிக் கொட்ட வேண்டாம்.

இந்த வாரம் கிளினிக்கின் எடைமேடையில் உங்கள் நாயை ஒரு தடவை ஏற்றி, எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் குடற்புழு மருந்தைப் பற்றிப் பேசப்போகிறோம்; அதன் அளவு எடையைப் பார்த்துத்தான்.