அச்சமும் மூளையின் இணைப்புப் பாதைகளும்

இருட்டில் காலருகே ஏதோ நெளிவதுபோல் தோன்றினால் நாம் உடனே பின்வாங்குகிறோம். அது பாம்பா கயிறா என்னும் ஆராய்ச்சி பிறகே எழுகிறது. அதற்குள் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நா உலர்கிறது. கயிறுதான் என்று தெளிந்த பின்னரும் படபடப்பு அடங்கச் சற்று நேரம் பிடிக்கிறது. அறிவு ஒன்று கூற, உடல் வேறொன்று செய்கிறது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்னும் பழமொழியும் இந்நிலையையே குறிக்கிறது.

எதிரே நிற்கும் ஆபத்தைக் கண்டு எழுவது அச்சம். வரக்கூடும் என்று எண்ணப்படும் ஆபத்தை நோக்கி உள்ளமும் உடலும் ஓயாது காத்திருப்பது பதற்றம். இவ்விரண்டுக்கும் மூளையில் இருப்பிடம் எது என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் தேடினர். அத்தேட்டம், தனியோர் இருப்பிடத்தைக் காட்டிலும் பல பகுதிகளை இணைக்கும் நரம்புப் பாதைகளே முக்கியமானவை என்ற கருத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அஞ்சிய குழந்தைகளோடும், இடருற்ற மக்களோடும் அன்றாடம் பழகுவோருக்கு இக்கருத்து பெரிதும் பயன்படத்தக்கது.

இருப்பிடத்தைத் தேடிய வரலாறு

1937-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைன்ரிக் க்ளூவர், பால் பூசி என்னும் இருவர், குரங்குகளின் மூளையில் இருபுறத்துப் பொட்டுப் பகுதிகளையும் அகற்றிப் பரிசோதித்தனர். முன்பு மனிதரைக் கண்டாலே வெருண்ட குரங்குகள், பின்னர் எதையும் அஞ்சாமல் நெருங்கின. இம்மாறுதலுக்குப் பெரிதும் காரணமானது அப்பகுதியின் உட்புறத்தே உள்ள சிறியதோர் உறுப்பே என்று 1956-இல் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் காட்டினார். வாதுமைப் பருப்பைப் போன்ற வடிவுடைய அவ்வுறுப்பின் பெயர் அமிக்டலா. வாதுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

அரியதொரு நோயினால் இருபுறத்து அமிக்டலாவும் அழிந்துபோன அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பற்றிய ஆய்வுகள் 1994 முதல் வெளியாயின. பிறர் முகத்தில் தோன்றும் அச்சக் குறியை அவரால் அறிய இயலவில்லை. பாம்புகளைக் காட்டியபோதும் அவர் அஞ்சவில்லை. எனவே அச்சத்தின் உறைவிடம் அமிக்டலாவே என்று பலர் முடிவு கட்டினர். ஆனால் 2013-இல் வெளியான பரிசோதனை ஒன்றில், நூற்றுக்கு 35 பங்கு கரியமில வாயு கலந்த காற்றை ஒருமுறை சுவாசித்ததும் அதே பெண்மணி பெரும் பீதிக்கு உள்ளானார். மூச்சுத் திணறல் போன்ற உடலின் உள்நிலையிலிருந்து எழும் அச்சத்திற்கு வேறு வழியும் உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

விரைவுப் பாதையும் சுற்றுப் பாதையும்

எலிக்கு ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, உடனே காலில் இலேசான மின்னதிர்ச்சி தந்தால், சில முறைகளுக்குள் அவ்வொலியைக் கேட்ட மாத்திரத்தில் எலி அசைவற்று உறைந்து நிற்கும். நியூயார்க்கைச் சேர்ந்த ஜோசப் லெடூ இவ்வகை எலிகளின் மூளைப் பாதைகளை 1980-களில் ஆராய்ந்தார். காதிலிருந்து வரும் செய்தி மூளையின் நடுவேயுள்ள தலாமஸை அடைந்து, அங்கிருந்து இரு வழியாகப் பிரிகிறது என்று அவர் கண்டார். ஒரு வழி நேரே அமிக்டலாவுக்குச் செல்கிறது. மற்றொன்று மூளையின் மேற்புறணிக்குச் சென்று, அங்கே ஆராயப்பட்ட பின்னர் அமிக்டலாவை அடைகிறது. முதல் வழி விரைவானது. ஆனால் அது கொண்டுவரும் செய்தி தெளிவற்றது. அமிக்டலாவிலிருந்து புறப்படும் கட்டளைகள் இதயத்துடிப்பு, வியர்வை, சுரப்பிகள், உடலசைவு ஆகியவற்றை மாற்றுகின்றன. மனிதரிடம், குறிப்பாகக் காட்சி வழியில், இவ்விரைவுப் பாதையின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு.

அமிக்டலாவுக்கு அடுத்தே ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி அமைந்துள்ளது. நிகழ்ச்சி எங்கே, எந்தச் சூழலில் நேர்ந்தது என்பதை நினைவில் பதிப்பது இதன் பணி. 1995-இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இவ்விரண்டின் வேறுபாட்டை நன்கு விளக்குகிறது. ஒரு குறிப்பிட்ட நிறத்தைக் காட்டியதும் காதைத் துளைக்கும் ஊதல் ஒலி எழுப்பப்பட்டது. அமிக்டலா பழுதுற்ற நோயாளி, எந்த நிறத்திற்குப் பின் ஒலி வந்தது என்பதைச் சரியாகச் சொன்னார். ஆயினும் அந்நிறத்தைக் கண்டு அவர் தோலில் வியர்வை அரும்பவில்லை. ஹிப்போகாம்பஸ் பழுதுற்றவருக்கோ வியர்வை அரும்பியது. எந்த நிறம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆபத்தைப் பற்றிய அறிவும், ஆபத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையும் வெவ்வேறு வழியில் சேமிக்கப்படுகின்றன என்பது இதன் பொருள். ‘இதில் பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொல்லிக் கொடுப்பதால் மட்டும் ஒருவரின் அச்சம் ஏன் நீங்குவதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இணைப்பை அளக்கும் முறைகள்

உயிருள்ள மனிதரின் மூளையைத் திறவாமலே அதன் செயலைக் காண வழி செய்தவர்களுள் ஒருவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா. குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவு மாறும்போது காந்த அலைப் படமும் மாறுகிறது என்பதை அவர் 1990-இல் வெளியிட்டார். இந்தியாவில் பிறந்த பாரத் பிஸ்வால், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, 1995-இல் மேலும் ஒரு படி சென்றார். ஒருவர் எவ்வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போதும், இடக்கையையும் வலக்கையையும் இயக்கும் மூளைப் பகுதிகளின் சமிக்ஞைகள் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன என்று அவர் கண்டார். இவ்வாறு ஒத்து அசையும் பகுதிகளைச் செயலால் இணைந்தவை என்கிறோம். நரம்பு இழைகளின் நெடுகே நீர் மூலக்கூறுகள் பரவும் திசையை அளந்து, இழைகளின் போக்கையே வரைந்து காட்டும் முறையும் உண்டு.

இம்முறைகளைக் கொண்டு, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணிக்கும் அமிக்டலாவுக்கும் உள்ள இணைப்பைப் பலர் ஆராய்ந்துள்ளனர். பதற்றம் மிகுந்தோரிடம் இவ்விணைப்பின் தன்மை மாறியிருப்பதாக அவ்வாய்வுகளுள் பல கூறுகின்றன.

ஆயினும் இங்கு எச்சரிக்கை தேவை. 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இறந்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்துப் படமெடுத்தனர். கணக்கீட்டில் உரிய திருத்தம் செய்யாதபோது, செத்த மீனின் மூளையும் செயல்படுவதாகப் படம் காட்டியது! மூளைப் படத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை உறுதியாகச் சொல்ல ஆயிரக்கணக்கானோரைப் பரிசோதிக்க வேண்டும் என்று 2022-இல் வெளியான பெரும் ஆய்வு காட்டிற்று. ஆகவே, மூளைப் படம் ஒன்றை மட்டும் பார்த்து, இவருக்குப் பதற்ற நோய் உண்டு என்று கூற இயலாது.

பெங்களூருவில் கண்ட உண்மை

இத்துறையில் நம் நாட்டு ஆய்வுகள் தனிச் சிறப்புடையவை. பெங்களூருவிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழுவினர், அதே நகரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்துடன் கூடி நடத்திய ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. எலிகளை நாளொன்றுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவொட்டாமல் கட்டுப்படுத்தி வைத்தனர். அத்துன்பத்தால் ஹிப்போகாம்பஸின் நரம்பணுக்களில் கிளைகள் குறுகின. அமிக்டலாவிலோ கிளைகள் முன்னிலும் மிகுதியாக வளர்ந்தன. ஒரே துன்பம் ஒரு பகுதியை வாடச் செய்து, மற்றொன்றைத் தழைக்கச் செய்தது.

பின்னர் எலிகளுக்கு 21 நாட்கள் ஓய்வு அளித்துப் பார்த்தனர். ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவின் வளர்ச்சியும் எலிகளின் பதற்றமும் அப்படியே இருந்தன. இது 2004-இல் வெளியான முடிவு. 2005-இல் மற்றொன்று வெளியாயிற்று. ஒரே ஒருமுறை 2 மணி நேரம் துன்புற்ற எலிகளில் மறுநாள் மாறுதல் எதுவும் காணப்படவில்லை. 10 நாட்கள் கழிந்த பின்னரே அமிக்டலாவில் புதிய இணைப்பு முட்கள் பெருகியிருந்தன. பதற்றமும் அப்போதுதான் வெளிப்பட்டது.

எலிக்குக் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் வெள்ளத்திலும் புயலிலும் பிழைத்தவர் முதல் வாரத்தில் அமைதியாக இருப்பதைக் கண்டு, அவருக்கு ஒன்றும் நேரவில்லை என்று முடிவு செய்வது தவறாகலாம்.

அழிவதில்லை, அடக்கப்படுகிறது

கற்ற அச்சம் எவ்வாறு தணிகிறது? ஒலியை மட்டும் பலமுறை கேட்கச் செய்து, மின்னதிர்ச்சி தராமல் விட்டால் எலி அஞ்சுவதை நிறுத்திவிடும். ஆனால் சில நாட்கள் கழிந்தாலோ, வேறிடத்துக்குக் கொண்டு சென்றாலோ அச்சம் திரும்பக்கூடும். பழைய பதிவு பெரும்பாலும் அழிவதில்லை. ‘இப்போது ஆபத்தில்லை’ என்னும் புதிய பதிவு அதன்மேல் அமைகிறது. இப்புதிய பதிவை நினைவுகூரும்போது முன்மூளைப் புறணியின் ஒரு பகுதியிலுள்ள நரம்பணுக்கள் முனைந்து செயல்படுகின்றன என்று மொகமது மிலாத், கிரகரி குவிர்க் என்போர் 2002-இல் காட்டினர். அப்பகுதியை மின்னோட்டத்தால் தூண்டியபோது எலிகளின் அச்சம் குறைந்தது.

செயல்முறையில் இவ்வுண்மை முன்பே அறியப்பட்டதாகும். முயலைக் கண்டு அலறிய சிறுவன் ஒருவனை மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் குணப்படுத்திய வரலாறு 1924-இல் வெளியாயிற்று. சிறுவன் விருப்பத்துடன் உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளையும் உடன் இருக்கச் செய்தார். இறுதியில் சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான்.

ஆசிரியரும் களப்பணியாளரும் கருதத்தக்கவை

முதலாவது, அச்சத்தை அடக்கும் முன்மூளைப் பாதை மெல்ல முதிர்வது. இருபது வயதுக்கு மேலும் அதன் வளர்ச்சி தொடர்கிறது. இளங்குழந்தை தன் அச்சத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் அருகில் இருத்தலே அவ்வயதில் பெருந்துணை.

இரண்டாவது, ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியைப் பள்ளியில் கைவிட வேண்டும். அடிபட்ட பிள்ளையின் மூளை, கணக்கோடு சேர்த்து கரும்பலகையையும் வகுப்பறையையும் ஆசிரியரின் குரலையும் ஆபத்தின் அறிகுறிகளாகப் பதித்துக்கொள்ளக்கூடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது.

மூன்றாவது, அஞ்சுவதை அறவே தவிர்க்கவும் விடலாகாது; திடீரென்று அதனுள் தள்ளவும் ஆகாது. எழுந்து நின்று படிக்க அஞ்சும் மாணவன் முதலில் ஆசிரியரிடம் மட்டும் படிக்கட்டும். பிறகு இரு தோழர் முன்னும், அதன் பின் வகுப்பின் முன்னும் படிக்கட்டும். புதிய பதிவு சூழலோடு ஒட்டியது ஆகையால், பயிற்சியைப் பல இடங்களில் செய்தல் நலம். அச்சம் இடையில் திரும்பினால் முயற்சி வீணாயிற்று என்று கொள்ள வேண்டியதில்லை.

நான்காவது, இடருற்ற கிராமங்களில் முதல் வாரத்து விசாரிப்போடு நில்லாமல், சில வாரங்களும் மாதங்களும் கழித்து மீண்டும் சென்று காண வேண்டும். உறக்கம், உணவு, பள்ளி வருகை, வேலை ஆகியவற்றை அச்சம் தொடர்ந்து குலைக்குமாயின் மருத்துவரின் உதவி தேவை. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி, எந்நேரமும் அழைக்கலாம். இவ்வெண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுதி வைத்தல் நன்று.